டாக்டர் வண்டி வருகிற நாள்

பேன்சீப்பைக் கையில் எடுத்தபோதே கோகிலவாணிக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு இந்தக் கை சும்மா இருக்கப்போவதில்லை. மணி ஏழரை. ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு டாக்டர் வண்டி வருகிறது. பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துக் கண், பல், தோல், கைகால் எல்லாம் பார்ப்பார்களாம், டீச்சர் நேற்றே சொல்லி அனுப்பிவிட்டாள். மகள் வர்ணிகா, எட்டு வயது, மூன்றாம் வகுப்பு, அம்மாவின் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து காலை நீட்டியிருக்கிறாள், யூனிபார்ம் பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொள்கிறாள். இழுத்து என்ன பிரயோசனம்? அந்தப் பாவாடை கெண்டைக்காலை மூடுமா? இரண்டு கெண்டைக்காலிலும் சேர்த்து நாலு வரி, ஒவ்வொன்றும் விரல் தடிமன், நேற்றுவரைக்கும் சிவப்பாக இருந்தது இன்றைக்கு ஊதாவாகி ஓரத்தில் மஞ்சள் கட்டியிருக்கிறது. திங்கட்கிழமை சாயங்காலம் போட்டது. போட்டது என்று நினைக்கிறாள் பாருங்கள், கோலம் போட்ட மாதிரி. அடித்தது. லாரி டிரைவர் வீட்டில் அரிசி இல்லாமல் இருக்கும், சரக்குக் கட்டுகிற டியூப் வார் இல்லாமல் இருக்காது. பழைய டயர் டியூபை நீளநீளமாக அறுத்து வைத்திருப்பது, இழுத்தால் நீளும், விட்டால் சுண்டும், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதன் வரி எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் எவனுக்கும் சொல்லித்தர வேண்டாம். டாக்டர் பார்த்தால்? கேட்டால்? பக்கத்து வீட்டுச் சரோசக்கா ஒரு கதை சொன்னாளே, எந்த ஊரோ, டீச்சர் ஏதோ ஒரு நம்பருக்குப் போன் போட்டாளாம், ஆபீசருங்க காரில் வந்து பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம், பெத்தவ ரோட்டில் காருக்குப் பின்னாலேயே ஓடினாளாம். எந்த ஊர் என்று கேட்டதற்கு அக்காவுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பொம்பளை ஓடினது மட்டும் கோகிலவாணிக்கு நேற்று முழுக்கக் கண்ணுக்குள்ளேயே நின்றது, செருப்பில்லாமல் ஓடினாள்.

சீப்பு உச்சியில் இறங்கி நெற்றிப்பக்கம் வருகிறது. சிக்கு. ஒரு இழுப்பு. பிள்ளையின் தலை பின்னால் வந்து அம்மாவின் வயிற்றில் மோதித் திரும்பிப் போய் நேராக நிற்கிறது, சத்தமே இல்லை. "வலிக்குதா?" "இல்லம்மா." இன்னொரு சிக்கு, இன்னும் பலமாக ஒரு இழுப்பு, நாலு முடி சீப்போடு வந்துவிட்டது. "இப்ப?" "இல்லம்மா." இதுதான், இதுதான் கோகிலவாணிக்கு ஆகாது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் தலை சீவினால் ஊரைக் கூட்டும். இந்த வளவில் ஆறு வீடு, காலை நேரத்தில் அஞ்சு வீட்டிலிருந்து ஐயோ அம்மா என்று கேட்கும், இந்த வீட்டில் மட்டும் எழவு விழுந்த மறுநாள் மாதிரி இருக்கும். வலிக்குது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன, வாயில் என்ன கொழுக்கட்டையா? சொன்னால் நிறுத்திவிடுவாளே. நிறுத்துவாளா? அதைக் கேட்காதீர்கள். திங்கட்கிழமையும் பிள்ளை என்ன பண்ணிவிட்டது? பால் கொட்டவில்லை, சோத்து வட்டலை உடைக்கவில்லை, மார்க்குக் குறையவில்லை. ஒரு கேள்வி கேட்டது. கோகிலவாணி பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், காலையிலிருந்தே அப்படித்தான் படுத்திருந்தாள், கண்ணுக்கு நேராகச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு கிழவன் மூக்கு மாதிரி இருந்ததைப் பார்த்துக்கொண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பக்கத்தில் குந்தி, "அம்மா, உனக்கு என்ன பண்ணுது?" என்றது. "தலையாம்மா? வயிறா?" "போடி அந்தப் பக்கம்." போனது. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, டம்ளரில் தண்ணியும் எடுத்துக்கொண்டு திரும்ப வந்து, "சொல்லும்மா, என்னதான் பண்ணுது?" என்றது. எழுந்தது தெரியும். ஆணியிலிருந்து வார் கைக்கு வந்தது தெரியும். முதல் அடியில் டம்ளர் உருண்டு வாசப்படி தாண்டிப் போனது. பிள்ளை ஓடவில்லை, கத்தவில்லை, தம்பியை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு, அவன் மேல் படாதபடிக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு குனிந்து நின்றது. அதனால்தான் காலில் விழுந்தது, எல்லாம் காலில். ரெண்டு. மூணு. நாலு. அந்த நாலு அடிக்கும் நடுவில் கோகிலவாணியின் தலைக்குள் இருக்கிற பாரம் ஒரு நொடி இறங்கியது. ஆமாம், இறங்கியது. சுகமாக இருந்தது. இதை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வாள், எந்த டாக்டரிடம் சொல்வாள், சொன்னால் காறித் துப்ப மாட்டார்களா? அப்புறம் வாரைத் திரும்ப ஆணியில் மாட்டினாள், ஒழுங்காக, முன்னைப்போலவே.

தலைக்குள் இருக்கிற பாரம் என்றால் அது கவின் பிறந்ததிலிருந்து. ஒன்றே முக்கால் வருசம். இப்போதும் பாருங்கள், மூலையில் துணிமூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், கையில் வெறும் டப்பா மூடி, அதைத் தட்டக்கூட மாட்டான், தட்டினால் சத்தம் வரும் என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆசுபத்திரியிலிருந்து அவனோடு வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், மார்பில் பால் கட்டிக்கொண்டு கல்லாக இருக்கிறது, அவன் கத்துகிறான், கோகிலவாணிக்கு அவன் யார் பிள்ளை என்றே விளங்கவில்லை. யாரோ வைத்துவிட்டுப் போன மூட்டை. தூக்கமில்லை. தூங்கினால் எழுந்திருக்க முடியவில்லை. ஊசி போட வந்த நர்சம்மாவிடம் சொன்னாள், "என்னமோ மாதிரி இருக்குதுங்க, எதுவும் புடிக்க மாட்டீங்குதுங்க." நர்சம்மா பாவம், அவளுக்கு இன்னும் பதினாறு வீடு பாக்கி, "ரத்தம் பத்தாது அம்மிணி, எல்லாத்துக்கும் இருக்கறதுதான்" என்று சத்து மாத்திரை ரெண்டு அட்டை கொடுத்துவிட்டுப் போனாள். கோகிலவாணி அதை ஒழுங்காக விழுங்கினாள், வயிற்றால் கறுப்பாகப் போனதுதான் மிச்சம். புருசன் மோகன்ராசு லாரியில் குவாஹாத்தி லைனில் போனால் திரும்பிவர இருபத்தஞ்சு நாள், போனில் பின்னால் எப்போதும் ஹார்ன் சத்தம், "ஒனக்கு என்னடி கொறை, சோறு இல்லியா துணி இல்லியா, நானென்ன குடிச்சுப்போட்டு ஒதைக்கறனா?" என்பான். இல்லை. நல்லவன்தான். அவன் உதைத்திருந்தால் நாலு பேரிடம் காட்ட ஒரு காயமாவது இருந்திருக்கும். சரோசக்கா கண்ணு பட்டிருக்கிறது என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள், துளி நெடிகூட வரவில்லை. அடேங்கப்பா எத்தனை கண்ணு என்று அக்காவுக்கு ஒரே திருப்தி. அதற்கு மறுநாளோ என்னவோ, வீட்டுக்குப் பின்னால் பொடக்காலித் தண்ணித்தொட்டி ஓரத்தில் கவினைக் குளிக்க ஊற்றிக்கொண்டிருந்தபோது, கை ஈரம், பிள்ளை வழவழவென்று சோப்பு, தொட்டி நிறையத் தண்ணி, அதில் வானம் தெரிந்தது. இப்படியே கையை விட்டால்? யாரோ காதுக்குள் கேட்ட மாதிரி இருந்தது, சாதாரணமாக, உப்பு இருக்கா என்று பக்கத்து வீட்டில் கேட்கிற குரலில். விடவில்லை. விட மாட்டாள். விடவில்லையே. ஆனால் எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியவில்லை, திரும்பிப் பார்த்தால் வர்ணிகா வாசற்படியில் நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல வந்து, "நான் துவட்டறேன்மா" என்று தம்பியை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து கவினுக்குக் குளிக்க ஊற்றுவது வர்ணிகாதான். யாரும் சொல்லவில்லை. எட்டு வயசு முடியாத பிள்ளை.

வகிடு. வகிடு நேராக வர வேண்டும், இல்லையென்றால் திரும்ப முதலிலிருந்து. கோகிலவாணியின் அம்மா வகிடு எடுத்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும், தறிக்காரி ஆயிற்றே, திருச்செங்கோட்டுப் பக்கம் விசைத்தறிக் குடோனில் வேலை. அவள் ஒரு நாளும் கை நீட்டினதில்லை. இருந்தாற்போல இருந்து ஒரு நாள் பேச்சு நின்றுபோகும், அவ்வளவுதான். சோறு வைப்பாள், தலை பின்னுவாள், வேலைக்குப் போவாள், வருவாள், படுப்பாள், கண் மட்டும் பிள்ளையின் மேல் படாது, பிள்ளை இருக்கிற இடத்தில் காலி இடம் இருக்கிற மாதிரி அதைத் தாண்டிப் பார்க்கும். ஒரு தடவை பதினோரு நாள். கோகிலவாணி எண்ணினாள், சிலேட்டில் கோடு போட்டு எண்ணினாள். பன்னிரண்டாம் நாள் குடிதண்ணிக் குடத்தைத் தூக்கித் தரையில் போட்டு உடைத்தாள், வேண்டுமென்றே, அடிக்கட்டும் என்று, அடித்தால் கையாவது மேலே படுமே என்று. அம்மா சீமாறை எடுத்துத் தண்ணியைத் தள்ளினாள், உடைந்த மண்ணோடுகளைப் பொறுக்கி வெளியே போட்டாள், போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றைக்குச் சபதம் போட்டுக்கொண்டாள் கோகிலவாணி, எனக்குப் பிள்ளை பிறந்தால் இந்தக் கதியில் விட மாட்டேன் என்று. விடவில்லை பார்த்தீர்களா, அடிக்கிறாள்! என் ஆத்தாளைவிட நான் தேவலை, நான் பேசுகிறேன், என் கை பேசுகிறது என்று உள்ளுக்குள் ஒரு வக்கீல் உட்கார்ந்து வாதாடிக்கொண்டே இருக்கிறான், கேஸ் ஜெயிக்கிற மாதிரியே இருக்கும், அப்புறம் அந்தக் கெண்டைக்கால் கண்ணில் படும். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பாள் சரோசக்கா. அடிக்கிறது சரி, அணைக்கிறது எப்போது? கோகிலவாணி யோசித்துப் பார்க்கிறாள், இந்தப் பிள்ளையைக் கடைசியாக எப்போது இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள், தீபாவளிக்கா, அதற்கு முந்தின தீபாவளிக்கா? இப்போது முழங்காலுக்கு நடுவில்தான் இருக்கிறாள், குனிந்து முகர்ந்தால் தலை வாசம் வரும். குனிய முடியவில்லை. முதுகில் யாரோ பலகையை வைத்துக் கட்டியிருக்கிற மாதிரி இருக்கிறது, பின்னலைத்தான் பின்னுகிறாள்.

தலை வாசம் என்ன, மூத்திர வாசம்தான் வருகிறது. இன்றைக்கும் பாய் நனைந்திருக்கிறது, அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் மகாராணி. அஞ்சு மணிக்கே எழுந்து போர்வையை அலசிக் கொடியில் கடைசியாக, மற்ற துணிக்குப் பின்னால் மறைத்துப் போட்டிருக்கிறாள். மூன்று வயசில் நின்ற பழக்கம் ஏழு வயசில் திரும்ப வந்தது. பல்லைக் கடிக்கிறாள் தூக்கத்தில், நறநறவென்று, அந்தச் சத்தத்துக்கு அடிக்கடி எழுந்து கோகிலவாணி அந்தத் தாடையில் ஒரு அறை விடலாமா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். நகம் கடித்துக் கடித்துச் சதை தெரிகிறது. வயித்துவலி என்று டீச்சர் ரெண்டு தடவை பாதியில் அனுப்பிவைத்தாள், வீட்டுக்கு வந்ததும் வலி இல்லை என்கிறது. அம்மா எழுந்து நிற்கிறாளா என்று பார்த்துப்போக வந்த வலி அது. பாத்திரத்தை அம்மா வைக்கிற சத்தத்தை வைத்தே எந்த அம்மா இன்றைக்கு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும், மெல்ல வைத்தால் பக்கத்தில் வரும், டங்கென்று வைத்தால் தம்பியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடும். வளவில் எல்லோருக்கும் பெருமை, "கோகிலா புள்ளைக மாதிரி வருமா? ரெண்டும் என்ன அடக்கம், இருக்கற எடந் தெரியாது" என்று. அடக்கம்! பயத்துக்கு ஊர் வைத்த பேர். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று எவன் சொன்னானோ, இங்கே வந்து பார்க்கட்டும், எது பித்து எது கல்லு என்று. கோகிலவாணிக்குக் கண் நிறைந்து வழிகிறது, அதைப் புறங்கையால் துடைக்கும்போதே அந்தக் கண்ணீர் மேலேயே கோபம் வருகிறது, அழுகிற மூஞ்சியைப் பார் என்று. ரிப்பனை இறுக்கிக் கட்டுகிறாள். ரெட்டைச் சடை, மடித்துத் தூக்கிக் கட்டியாயிற்று. மணி எட்டு. பின்னால் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் முதல் சுத்தியல் இரும்புத் தகட்டில் விழுகிறது, அதற்கடுத்தது, அப்புறம் எல்லாம் சேர்ந்துகொள்ளும், பொழுது சாய்கிறவரை ஓயாது.

"எந்திரி. திரும்பி நில்லு." பவுடர் டப்பாவை எடுத்தாள். நேற்று பூராவும் யோசித்துக் கண்டுபிடித்த யோசனை இது. மூஞ்சிக்குப் போடுகிற பவுடர்தானே, காலுக்கும் போட்டால் போகிறது, கறுத்த தழும்பு வெளுத்துவிடாதா? முழுப்பூசணிக்காயைச் சோத்தில் மறைத்தவர்கள் இருக்கிற ஊர்தானே இது. உள்ளங்கையில் கொட்டி ரெண்டு கெண்டைக்காலிலும் அப்பினாள். ஒரு நிமிசம் நன்றாகத்தான் இருந்தது. மாசி வெயில், மேலே ஆஸ்பெஸ்டாஸ், பிள்ளைக்குப் பயத்தில் வேர்த்த வேர்வை வேறு, வரி இருந்த இடம் எண்ணெய் மாதிரி மினுங்கிப் பவுடரைத் தின்றுவிட்டது, சுற்றிலும் வெள்ளை, நடுவில் ஊதாக் கோடு நாலு, சுவரில் யாரோ பார்டர் கட்டிக் காட்டின மாதிரி எடுத்துக்காட்டியது. தப்பு. போட்டது தப்பு. ஈரத்துணியை எடுத்துத் தேய்த்தாள். போகவில்லை, பசையாகத் திரண்டது. இன்னும் தேய்த்தாள். இன்னும். சுத்தியல் அடிக்கிறது, டங், டங், துணி சுருண்டு கை விரல் நகம் வரியின் மேலேயே போகிறது, பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே விட்டத்தைப் பார்க்கிறது, உதட்டில் ரத்தம் துளிர்த்தது. கத்து. கத்தேன்டி. கத்தித் தொலையேன். "வலிக்குதான்னு கேக்கறேன்ல!" கேட்கவே இல்லை, இப்போதுதான் கேட்கிறாள், "வாயில என்னடி வெச்சிருக்கற?" என்று எழுந்து சடையைப் பிடித்துச் சுவரோடு தள்ளினாள், தலை மோதின சத்தம் சுத்தியல் சத்தத்தோடு சேர்ந்து வந்தது, பேன்சீப்பு எப்படியோ கைக்கு வந்திருக்கிறது, தோளில் ஒன்று, கையில் ஒன்று, சீப்பு ரெண்டாக ஒடிந்து ஒரு பாதி கவின் பக்கமாகப் போய் விழுந்தது. கவின் அதைப் பார்த்தான். அழவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். பொம்மை மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டான், ஒன்றே முக்கால் வயசுப் பிள்ளை. கோகிலவாணியின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. வர்ணிகா தலையைத் தடவக்கூட இல்லை. ரிப்பனைச் சரி பண்ணிக்கொண்டு, மூச்சு வாங்க, ஆனால் ரொம்பப் பொறுமையாக, வாத்தியாரம்மா மாதிரி, "அம்மா, கலர் டிரெஸ் போட்டுட்டுப் போறேன்மா. பேண்ட் கால மூடிக்கும்" என்றாள்.

"கலர் டிரெஸ்ஸா? அது பொறந்தநாளுக்குத்தாண்டி பள்ளிக்கூடத்துல உடுவாங்க." "பொறந்தநாள்னே சொல்லிக்கறேன்." சொல்லிவிட்டுப் பீரோவின் அடித்தட்டிலிருந்து பிளாஸ்டிக் கவரைத் தானே எடுத்துக்கொண்டு வந்தாள், ரோஸ் கலர் சுடிதார், மோகன்ராசு ஐப்பசியில் அவள் பிறந்தநாளுக்கு எடுத்தது, விலைச்சீட்டு இன்னும் தொங்குகிறது. அந்த நாள் கோகிலவாணி எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் விளக்குப் போடும்போதுதான் தேதி ஞாபகம் வந்தது, அதற்குள் பிள்ளை யூனிபார்மோடு போய் யூனிபார்மோடு வந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. இப்போது அந்தக் கவரைப் பிரிக்கிறது, முகத்தில் ஒரு சந்தோசம்கூட வருகிறது, "அன்னிக்குப் போடலல்ல, அதுக்கு இது சரியாப் போச்சும்மா" என்கிறது. "டாக்டர் பேண்டத் தூக்கச் சொன்னா?" "சொல்லிக்குவேன்மா. நீ பயந்துக்காத." "என்னன்னு?" "ஏதாச்சும் சொல்லிக்குவேன். போன தடவையும் சொன்னேன்ல." போன தடவையா? எந்தப் போன தடவை? "முதுகுல இருந்துச்சே, அப்ப மிஸ் கேட்டாங்க. கட்டில்ல இருந்து விழுந்துட்டேன்னு சொன்னேன்." இந்த வீட்டில் கட்டில் ஏது! பிள்ளை பேண்ட் நாடாவை முடிந்துகொண்டே சொல்லிக்கொடுக்கிறது, "சிரிச்சுக்கிட்டே சொல்லணும்மா. அழுதுக்கிட்டே சொன்னா நம்ப மாட்டாங்க." எத்தனை தடவை சொல்லியிருந்தால் இது தெரிந்திருக்கும்? அனுப்பவே வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். வீட்டில் என்றால் யாரோடு? என்னோடு. இந்த நாலு சுவருக்குள், இந்தச் சுத்தியல் சத்தத்தில், சாயங்காலம் வரைக்கும் என்னோடு. "இருந்துக்கறியா கண்ணு, லீவு போட்டுட்டு?" என்று கேட்டாள், குரல் அவளுக்கே புதுசாக இருந்தது. பிள்ளை அவசரமாக, ரொம்ப அவசரமாக, "இல்லம்மா, போறேம்மா, காலையில உப்புமா போடுவாங்க" என்றது.

தனியாக அனுப்பப் பயமாக இருந்தது. எதற்குப் பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, பிள்ளை சொல்லிவிடும் என்றா, சொல்லாமலே இருந்துவிடும் என்றா. நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கவினை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வெளியே வந்து எத்தனை நாளாயிற்று, வெயில் கண்ணில் குத்துகிறது. பட்டறை வாசலில் பாதி கட்டின லாரி எலும்பும் தோலுமாக நிற்கிறது, வெல்டிங் பொறி பறக்கிறது, அந்த வெளிச்சத்தைப் பார்க்கக்கூடாது என்று பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்து அந்தப் பக்கம் நடத்திக்கொண்டு போகிறது. யார் யாரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்? மிட்டாய் வேண்டும், மிட்டாய் கொடுக்காமல் பிறந்தநாள் என்றால் எவன் நம்புவான்? கடையில் ஒரு பாக்கெட் சாக்லேட் வாங்கினாள். "பாப்பாக்குப் பொறந்தநாளுங்களா?" என்றான் கடைக்காரன், ஆமாங்க என்று அவள் வாய் தானாகச் சொன்னது, பொய் இவ்வளவு லேசாக வருமா? பள்ளிக்கூடத்தில் பிரேயர் முடிந்து டீச்சர் வர்ணிகாவை முன்னால் நிறுத்தி எல்லோரையும் வாழ்த்துச் சொல்லச் சொன்னாள். முப்பது பிள்ளைகள் கை தட்டிப் பாடின. கேட்டுக்கு வெளியே நின்று கோகிலவாணி பார்த்தாள், ரோஸ் கலரில் அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கிறது, அசல் பிறந்தநாளில்கூட எந்தப் பிள்ளையும் அப்படிச் சிரிக்காது, அப்படி ஒரு சிரிப்பு. அதில் எது பொய், எது நிசம்? பெத்தவளுக்கே தெரியவில்லை.

டாக்டர் வண்டி ஒன்பதே காலுக்கு வந்தது. புங்கமரத்தடியில் மேசை போட்டு ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, பக்கத்தில் நர்சு, பெத்தவங்க யாராவது இருந்தால் கூட நிற்கலாம் என்றார்கள். கோகிலவாணி போய் நின்றாள். ஒவ்வொரு பிள்ளையாக நகர நகர, முன்னால் ஏழு பேர், ஆறு பேர், இடுப்பில் கவின் கனக்கிறான், அந்தக் கார் எங்கே நிற்கும், கேட்டுக்கு உள்ளேயா வெளியேயா, நான் எந்தப் பக்கம் ஓடுவேன், நாலு பேர், மூணு. "வர்ணிகாவா? அட, ஹேப்பி பர்த்டே" என்று டாக்டரம்மா அட்டையைப் பார்த்தாள், பார்த்து நிறுத்தினாள். "அக்டோபர்னு போட்டிருக்கே கண்ணு?" போச்சு. அட்டையில் தேதி இருக்கும் என்று அம்மாவும் யோசிக்கவில்லை, பிள்ளையும் யோசிக்கவில்லை. ஆனால் பிள்ளை ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை, "அன்னிக்கு எனக்குக் காய்ச்சலுங்க டாக்டர், அதான் இன்னிக்குக் கொண்டாடறோம்" என்று சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்தாள், ஆனால் கண் அந்தப் பேண்டுக்கு வந்துவிட்டது. "செரி, பேண்டைக் கொஞ்சம் தூக்கு, கால் பாக்கலாம்." தூக்கியது. பவுடரின் வெள்ளைத் திட்டு, நடுவில் நாலு ஊதா வரி. நர்சு எழுதுவதை நிறுத்திவிட்டாள். "இது என்னம்மா?" "ஊஞ்சலுங்க டாக்டர்! எங்கப்பா லாரி டியூப்ல ஊஞ்சல் கட்டுனமா, நான் வேகமா ஆடுனனா, அறுந்து சுண்டி கால்லயே அடிச்சுருச்சு" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறது, கடைசியில் களுக்கென்று ஒரு சிரிப்பு வேறு. "வலிச்சுதா?" "இல்லீங்க டாக்டர்." டாக்டரம்மா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "அப்படியாங்க?"

தலையை ஆட்டினால் போதும். ஆமாங்க என்றுகூடச் சொல்ல வேண்டாம், ஒரு ஆட்டு, முடிந்தது, கார் வராது, வீட்டுக்குப் போய்விடலாம். தலை ஆடவே ஆரம்பித்துவிட்டது. பிள்ளை அண்ணாந்து பார்க்கிறது, முகம் பூராவும் சிரிப்பு, கண் மட்டும் ஆட்டும்மா ஆட்டும்மா என்று கெஞ்சுகிறது, கீழுதட்டில் காலையில் கடித்த இடம் சிரித்த சிரிப்பில் வெடித்து ரத்தம் எட்டிப் பார்க்கிறது, அதை நாக்கால் நக்கி உள்ளே இழுத்துக்கொண்டு இன்னும் சிரிக்கிறது. "இல்லீங்க" என்றாள் கோகிலவாணி. யார் குரல் அது? "நான்தானுங்க அடிச்சேன். டியூப்ல. இன்னிக்குக் காலையிலயும் அடிச்சேனுங்க, தோள்ல பாருங்க. ரெண்டு வருசமா எனக்கு ஒடம்பு சரியில்லீங்க, சின்னவனத் தண்ணித்தொட்டிக்குள்ள போட்டுருவனோன்னு பயமா இருக்குதுங்க. என்னைய ஏதாச்சும் பண்ணுங்க." "பொய்!" என்று ஒரு கத்தல். வர்ணிகா. அந்தத் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருந்ததா! "பொய், பொய் சொல்லுது எங்கம்மா! ஊஞ்சல்தான்! ஊஞ்சல்தான்!" என்று கத்திக்கொண்டே அம்மாவின் மேல் வந்து விழுந்தாள், ரெண்டு கையையும் முட்டி பிடித்துக்கொண்டு அம்மாவின் வயிற்றில், தொடையில், எட்டின இடத்திலெல்லாம் குத்தினாள், "ஏம்மா சொன்ன? கூட்டிட்டுப் போயிருவாங்கல்ல, ஏம்மா சொன்ன, நாஞ் சொன்னேன்ல, நீ ஏம்மா சொன்ன?" என்று குத்தினாள், சடை அவிழ்ந்தது, ரிப்பன் தொங்கியது, மூக்கு ஒழுகியது, ஒவ்வொரு குத்தும் பலமாக, எட்டு வயசுப் பிள்ளையின் மொத்த பலத்தோடும் விழுந்தது. இடுப்பில் இருந்த கவின் அக்காளைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்து ஓவென்று அழ ஆரம்பித்தான். நர்சு ஓடிவந்து வர்ணிகாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்கம்மிணி," என்றாள் கோகிலவாணி, ஒரு அடிகூடப் பின்னால் நகராமல். "விடுங்க. அவ அடிக்கட்டும்."